பாட்டுக்குள் வராத கடல்

தமிழ்த் திரைப்பாட்டில் கடலுக்குக் குறைவே இல்லை. காதல் தொடங்கும்போதும் முறியும்போதும் கடல் வருகிறது. தத்துவம் பேசும் பாட்டில் வாழ்க்கையே கடலாகவோ ஓடமாகவோ ஆகிவிடுகிறது. ஆனால் அந்தக் கடலைச் சொல்லப் பயன்படும் சொற்களைத் தனியே பிரித்து எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம்கூட நிறையாது. அலை, கரை, நுரை, மணல், முத்து, சிப்பி, ஓடம், தோணி, படகு, வலை, மீன், நிலா: ஏறக்குறைய அவ்வளவுதான். இவை எல்லாம் கரையில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். வலைகூட மணலில் உலரக் கிடக்கும் வலைதான். கடலுக்குள் போன பிறகு மட்டுமே தேவைப்படும் சொல் என்று ஒன்று இந்த வரிசையில் இல்லை.

நான் ராமநாதபுரம் கடற்கரையைச் சேர்ந்தவன். எங்கள் கரைக்கு இரண்டு கடல்கள் உண்டு. பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கத்தில் அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், இரைச்சலிடும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்கடல் பொங்கும்போது வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவம் வந்ததும் நிலைமை மாறிவிடும். ஒரு குறுகிய நிலத்துண்டில் நின்றுகொண்டு இரு பக்கமும் இரு வேறு குணங்களைப் பார்க்கும் மக்களுக்குக் கடல் என்ற ஒற்றைச் சொல் போதாது என்பது இயல்பு. அவர்கள் சொற்களைப் பெருக்கிக்கொண்டார்கள். இலங்கை வானொலியின் திரைப்பாட்டுகள் எங்கள் வீடுகளில் தெளிவாகக் கேட்ட காலத்திலும், கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கிற இந்தக் காலத்திலும், அந்தச் சொற்கள் பாட்டில் ஒலித்து நான் கேட்டது மிக அரிது. ஏன் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். பழந்தமிழ் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தது. வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல். திரைப்பாட்டு இவற்றில் தென்றலை மட்டும் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. வாடைக்கு அவ்வப்போது இடம் கொடுத்தது. கோடை என்பது காற்றின் பெயர் என்பதே மறந்துபோய், வெயில் காலத்தின் பெயராக மட்டும் நின்றுவிட்டது. கொண்டல் மேகமாகிக் கண்ணனின் நிறத்துக்கு உவமையாயிற்று. எங்கள் கரையிலோ காற்றுகள் இன்றும் பெயரோடுதான் வீசுகின்றன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒன்றாக அவற்றைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். எந்தக் காற்றில் எந்தக் கடலுக்குப் போகலாம், எந்த வலையை எடுக்கலாம், எந்த மீன் ஓரம் வரும் என்பதெல்லாம் இந்தப் பெயர்களோடு ஒட்டியே பேசப்படும். கச்சான் என்றால் இலங்கைத் தமிழர்களுக்கு நிலக்கடலையும் நினைவுக்கு வரும். அங்கும் காற்றுக்கு அந்தப் பெயர் உண்டு. எங்களுக்கு அது தென்மேற்கிலிருந்து மணலை வாரி இறைத்துக்கொண்டு வரும் வறண்ட காற்று. அது வீசும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும்.

இந்தச் சொற்கள் பாட்டுக்கு ஒத்துவராதவை என்று சிலர் சொல்லக்கூடும். மெட்டு முதலில் வந்து, அதன் தத்தகாரத்துக்கு, அதாவது தனனா என்ற ஓசை அளவுக்கு, சொல் தேடும் முறையில் வட்டாரச் சொல் இடிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மையல்ல என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். தென்றல் என்பது இரண்டு நேரசை. கொண்டல் என்பதும் இரண்டு நேரசை. கச்சான் என்பதும் அப்படியே. யாப்பில் மூன்றுமே தேமா. தென்றல் வரும் இடத்தில் கொண்டலை வைத்துப் பாடினால் தாளம் எங்கும் பிசகாது, ஈற்றெழுத்துகூட மாறாது. கச்சானில் நெட்டெழுத்து இருப்பதால் பாடகர் நின்று இழுக்கவும் வசதி உண்டு. எனவே ஓசை தடையில்லை. தென்றலுக்கு ஒரே ஒரு குணம் கொடுத்து, அது தடவிக்கொண்டு போகும் என்று முடிவுசெய்துவிட்டார்கள். அந்த ஒரு குணம் பாட்டுக்குப் போதும் என்ற முடிவு இருக்கிறதே, அதுதான் தடை. காத்திருப்பு, எரிச்சல், அடுப்பு எரியாத நாள், கண்ணில் விழும் மணல், கரை திரும்பாதவரைப் பற்றிய பயம் இவற்றையெல்லாம் பாட விரும்பினால் தென்றல் உதவாது, கச்சான் தேவைப்படும்.

காற்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உடலுக்குத் தெரியும். கடலுக்கு அடியில் ஓடும் நீரோட்டம் கரையில் நிற்பவரின் உடலுக்கும் தெரியாது. அதற்கு எங்கள் பக்கம் நீவாடு என்று பெயர். கடலின் மேற்பரப்பு ஒரு பக்கம் அசையும்போது அதன் கீழே நீர் வேறு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். வலையை எப்போது விடுவது, எந்தப் பக்கம் விடுவது, எவ்வளவு நேரம் கிடக்க விடுவது என்பதெல்லாம் நீவாட்டைப் பொறுத்தவை. நீவாடு கடுமையாக இருந்தால் வலை முறுக்கிக்கொண்டு கயிறாகிவிடும். நீராடு என்ற சொல்லைப் பாட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு நீவாடு அந்நியமாக ஒலிக்க வேண்டியதே இல்லை. இரண்டும் ஓசையில் உடன்பிறந்தவை. மேலே ஒன்று தெரிய உள்ளே வேறொன்று இழுக்கும் நிலைக்கு இவ்வளவு பொருத்தமான ஒரு சொல் இருக்கும்போது, மனத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பாட்டுகள் அதைத் தொடாமலே போயிருக்கின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது.

பாட்டில் இல்லாத சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அதைவிட வியப்பான ஒன்று கண்ணில் பட்டது. சில சொற்கள் பாட்டில் நிறையவே இருக்கின்றன. ஆனால் எங்கள் கரையில் அவற்றுக்கு உள்ள பொருள் பாட்டுக்குள் நுழைந்ததே இல்லை. எல்லாவற்றிலும் முதலில் சொல்ல வேண்டியது பாடு என்ற சொல். திரைப்பாட்டில் பாடு என்றால் இசைக்கச் சொல்லும் ஏவல். அல்லது பாடுபட்டு உழைப்பதில் வரும் துன்பம். கரையில் பாடு என்றால் அன்றைக்கு வலையில் கிடைத்தது. படகு கரை தொட்டதும் முதலில் எழும் கேள்வி அதுதான்.

"பாடு எப்படிண்ணே?"

"எங்கப்பா, நீவாடு வலையச் சுருட்டிருச்சு. சூடைதான் கொஞ்சம் கெடக்கு."

இந்த இரண்டு வரிப் பேச்சில் ஒரு வீட்டின் அன்றைய வரவு செலவு முழுவதும் அடங்கியிருக்கிறது. நல்ல பாடு, பாடில்லை, பெரும்பாடு என்று அந்தச் சொல் நாள்தோறும் நூறு வாய்களில் புரள்கிறது. உழைப்பு, அதில் கிடைக்கும் வரவு, அதற்குப் படும் துன்பம், அதை மறக்கப் பாடும் பாட்டு என எல்லாவற்றையும் ஒரே ஒலிக்குள் வைத்திருக்கும் இந்தச் சொல்லைக் கொண்டு ஒரு நல்ல பாடலாசிரியர் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் பரபரக்கிறது.

அடுத்தது மடி. திரைப்பாட்டில் மடி என்றால் தாயின் மடி, காதலியின் மடி, தலைசாய்க்கும் இடம். எங்களுக்கு அது வலையின் பை. கரைவலையின் இரு கயிறுகளையும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு கூட்டமும் நெருங்கி வரும். கடைசியில் மடி கரையேறும். அதற்குள்தான் மீன் எல்லாம் இருக்கும். வந்தது போதுமா, போதாதா என்பது மடி மணலில் விழும் வரைக்கும் எவருக்கும் முழுமையாகத் தெரியாது. வலையைப் பின்னியவர் தாயின் மடியை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார் போலும். பாட்டின் மடியும் கரையின் மடியும் உணர்வால் தொலைவில் இல்லை. ஆனால் கரையின் மடிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. விசைப்படகின் இழுவைமடி, இரட்டைமடி, 2000ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ள சுருக்குமடி என்று, எந்த மடியால் மீன் பிடிப்பது என்பதைப் பற்றி ஊருக்கு ஊர் வழக்கும் பகையும் நடந்திருக்கின்றன. நாட்டுப்படகுக்காரர் வாயில் மடி என்ற சொல் சில சமயம் அன்போடும் சில சமயம் கோபத்தோடும் வெளிவரும்.

பார் என்பதும் அப்படித்தான். பாட்டில் அது பார்க்கச் சொல்லும் சொல்; இல்லையென்றால் உலகம். கடலில் பார் என்பது நீருக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டும் பவளத்திட்டும். மீன் தங்கும் இடம், வலை சிக்கிக் கிழியும் இடம், படகின் அடி தட்டும் இடம் மூன்றும் அதுவே. கருவிகள் வருவதற்கு முன்பு, கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் ஒரு நேர்கோட்டிலும், வேறொரு பக்கம் கலங்கரை விளக்கத்தையும் தீவின் முனையையும் இன்னொரு நேர்கோட்டிலும் வைத்துப் பார்த்து, அந்த இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் பார் இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கணக்கு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து. முத்துச்சிப்பி விளையும் திட்டுகளுக்கு முத்துப்பார் என்று பெயர். திரைப்பாட்டில் முத்துக்கு உள்ள செல்வாக்கு எல்லோருக்கும் தெரியும். பற்களும் சொற்களும் கண்ணீரும் பிள்ளைகளும் முத்தாகிவிடும். ஆனால் மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. குளிக்க இறங்குபவர்களைச் சுறா நெருங்காதிருக்க மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுபவருக்குக் கடல்கட்டி என்று பெயர் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் முத்துக்குளிப்புக் காலத்தில் அவருக்குக் கூலி கொடுக்கப்பட்டது. முத்து பாட்டில் இருக்கிறது, முத்து கிடந்த பார் பாட்டில் இல்லை, முத்தெடுக்கப் போனவரின் உயிரைக் காக்க நின்ற கடல்கட்டியும் இல்லை.

கீழக்கரைப் பக்கத்தில் கூடு என்றால் பாருக்கு அருகில் இறக்கி வைக்கும் மீன்பொறி. உடைமரக் குச்சிகளைப் பின்னிச் செய்வது. பாட்டின் கூடு பறவைக்கு உரியது, அல்லது உயிர் பிரிந்த உடல். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை என்றாலும், பாடு, மடி, பார், கூடு என்று நான்கு எளிய சொற்கள் ஒரே கரையில் இப்படி இரண்டாம் வாழ்க்கை வாழ்வது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. உள்நாட்டில் வீட்டைச் சுற்றி இருந்த சொற்களைக் கடலோடிகள் எடுத்துச் சென்று தங்கள் தொழிலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டு எழுதியவர்கள் அந்தச் சொற்களோடு கரைவரை வந்து, அங்கேயே நின்றுகொண்டார்கள்.

மீன் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ்ப்பாட்டில் பெண்ணின் கண்ணுக்கு உவமையாகும் மீன்கள் கயல், கெண்டை, சேல். எல்லாம் ஆற்றிலும் குளத்திலும் கண்மாயிலும் வாழ்பவை. கடற்கரையில் படமாக்கப்படும் பாட்டில்கூட நாயகியின் கண்ணில் நன்னீர் மீன்தான் துள்ளுகிறது. வைகைக் கரை அயிரைக்கும் விராலுக்கும் பாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. காரல், சூடை, சாளை, முரல், ஓரா, நகரை, கிழங்கான், விளைமீன், ஊளி, சீலா, திருக்கை, கணவாய் இவற்றில் எத்தனைக்குக் கிடைத்திருக்கிறது? காரலின் வெள்ளி மினுக்கத்தைப் பார்த்தவர்கள் அதைக் கண்ணுக்கு உவமை சொல்லத் தயங்கமாட்டார்கள். முரல் நீர்மட்டத்தில் ஊசிபோல் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் ஒரு பார்வைக்கு வேறு உவமை தேடமாட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காகப் பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுப்பார்கள். தாய்மையைப் பற்றி எத்தனையோ பாட்டு இருந்தும் அந்தப் புட்டின் வாசம் எதிலும் இல்லை.

பாசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திரைப்பாட்டில் பாசி என்றால் குளத்தில் படிவது, கால் வழுக்குவது. அல்லது கழுத்தில் அணியும் மணி. மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரையுள்ள கடலோர ஊர்களில் பாசி என்றால் பெண்களின் பிழைப்பு. கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் சேர்த்து மேலே வருவார்கள். அந்தப் பாசிகளில் ஒன்றுக்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர். உணவைக் கெட்டியாக்கும் அகர் என்ற பொருளை எடுக்கப் பயன்படுவது. இன்னொன்று கஞ்சிப் பாசி, மற்றொன்று கட்டக்கோரை. மரிக்கொழுந்தின் மணம் தமிழ்ப்பாட்டில் எவ்வளவு பழக்கமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் தலையில் சூடும் மரிக்கொழுந்துக்குப் பாட்டு உண்டு. கூர்மையான பாறையில் கை கிழிய ஒரு பெண் பறித்து வரும் மரிக்கொழுந்துக்குப் பாட்டில்லை. 1986ஆம் ஆண்டு 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, தீவோரம் பாசி எடுப்பதில் அந்தப் பெண்களுக்கு வந்த நெருக்கடி அவர்களுடைய பேச்சில் நிறைய இருக்கிறது. கடலைக் காக்க வேண்டும் என்பதிலும், தலைமுறைகளாக அதற்குள் மூழ்கி எழுந்தவர்களின் சொல்லைக் கேட்காமல் காக்க முடியாது என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

தீவு என்ற சொல்லும் பாட்டில் பெயரில்லாமல்தான் வரும். இருவர் மட்டும் வாழப் போகும் ஏதோ ஓரிடம். எங்கள் தீவுகளுக்குப் பெயர் உண்டு. குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல், மனோலி, முயல்தீவு, முல்லி, தலையாரி, வாலிமுனை, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி. பூவரசன்பட்டி என்றொரு தீவு இருந்தது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் கரை அரித்து அது நீருக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் மீனவர் பேச்சில் நிற்கிறது.

அழகாக ஒலிக்காததால்தான் இந்தச் சொற்கள் பாட்டுக்கு வரவில்லை என்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் சொல் பூங்கோரை. எந்த மெட்டிலும் அப்படியே உட்காரும். கேட்டதும் ஏதோ பூ என்று தோன்றும். கடல்நீர் பச்சையாகத் திரண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, மீன்கள் மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கும் நிலைக்கு எங்கள் கரையில் வழங்கும் பெயர் அது. 2019ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவில் அது பெரிய அளவில் வந்தது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரின் பெருக்கத்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்களோடு பவளப்பாறைகளும் மடிந்தன. ஒலி இனிமையாகவும் பொருள் கொடியதாகவும் இருக்கும் சொல் ஒரு கவிஞருக்குக் கிடைப்பது அரிது. அது இங்கே எல்லோர் வாயிலும் கிடக்கிறது.

அப்படியென்றால் காரணம் என்ன? பாடலாசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பேருந்தில் ஒரு தடவை கேட்டவுடன் புரிய வேண்டும் என்பது திரைப்பாட்டின் நிபந்தனை. சேலத்திலும் கோவையிலும் இருப்பவருக்குக் கச்சான் புரியாது என்று தயாரிப்பாளர் அஞ்சுவது இயல்பு. ஆனால் 1970களின் இறுதியில் படப்பிடிப்பு கிராமங்களுக்குள் போன பிறகு, மதுரை, தேனி வட்டாரச் சொற்கள் எத்தனையோ பாட்டில் ஏறி, தமிழ்நாடு முழுவதும் புரியும் சொற்களாகிவிட்டன. கானா வழியாக வடசென்னைச் சொற்கள் ஏறின. புரியாத சொல்லைப் பாட்டுதான் புரிய வைக்கிறது. புரிந்த பிறகு பாடுவோம் என்று காத்திருந்தால் எந்தச் சொல்லும் ஏறாது. அந்த ஊர்களிலிருந்து இயக்குநர்களும் கவிஞர்களும் இசைக்காரர்களும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடற்கரையிலிருந்து அப்படி ஒரு கூட்டம் போகவில்லை. கேமராதான் கரைக்கு வந்தது. வந்த கேமராவுக்குத் தேவைப்பட்டது பின்னணியில் ஓர் அலை. கடலில் வேலை செய்பவர் பெரும்பாலும் அந்தச் சட்டகத்துக்குள் இல்லை. வேலை இல்லாத இடத்தில் வேலையின் சொற்களுக்கு என்ன தேவை இருக்கும்?

இது தமிழின் பழைய வழக்கமும் இல்லை. நற்றிணையின் 45ஆம் பாட்டு நெய்தல் நிலத்துக் காதல் பாட்டு. தேரில் வரும் செல்வன் மகனைப் பார்த்துத் தோழி சொல்கிறாள்: இவள் கடலுக்குள் புகுந்து மீன் எறியும் பரதவர் மகள், நாங்கள் நிணச்சுறாவை அறுத்து உணக்கப் போட்டு, அதைக் கொத்த வரும் பறவைகளை விரட்டிக்கொண்டிருப்பவர்கள், எங்கள் மேல் புலால் நாறும். "புலவு நாறுதும் செல நின்றீமோ" என்று அவனை விலகி நிற்கச் சொல்கிறாள். காதல் பாட்டின் நடுவில் கருவாடு காய்கிறது, நாற்றம் மறைக்கப்படவில்லை, அந்த நாற்றத்தைச் சொல்வதிலேயே அவளுடைய தன்மானம் நிமிர்ந்து நிற்கிறது. எங்களிடத்திலும் செம்மல் உண்டு என்றுதான் அந்தப் பாட்டு முடிகிறது. காதலையும் கடல்தொழிலையும் ஒரே மூச்சில் பாடத் தெரிந்த மொழி இது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பின்வந்த காலத்திலும் தொழிற்சொற்களுக்கு ஒரு பாட்டு இருந்தது. கரைவலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் பாடும் அம்பாப் பாட்டு அது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கயிற்றின் இழுப்புக்கு ஏற்ப அடி நீளும், குறுகும். திரைப்பாட்டு இந்த அம்பாவைக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஏலேலோ, ஐலசா என்ற ஒலிகளை அது விருப்பத்தோடு எடுத்துக்கொண்டது. கடல் என்றால் உடனே ஏலேலோ என்று தொடங்கும் பாட்டுகள் ஏராளம். எடுத்துக்கொண்டது அந்த ஒலியை மட்டும்தான். இரண்டு ஏலேலோவுக்கு நடுவே வரும் வரிகளை, அதாவது சாமி பெயரும் மீன் பெயரும் காற்றும் பசியும் கடனும் வரும் வரிகளை, கரையிலேயே விட்டுவிட்டது. கனியை எறிந்துவிட்டுத் தோலைக் கொண்டுபோனது போன்ற செயல் அது. இப்போது கரைவலை இழுப்பும் குறைந்து, இயந்திரம் கயிற்றைச் சுற்றத் தொடங்கிய இடங்களில் அம்பாவுக்கே வேலை இல்லாமற் போயிற்று. பாய்மரம் போனதோடு பருமல், தாமான் என்ற சொற்களும் வயதானவர்கள் வாயில் மட்டும் தங்கிவிட்டன. பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். படகின் முன்பக்கத்துக்கு அணியம் என்ற பெயர் மட்டும் இன்னும் தளராமல் நிற்கிறது.

உறவுச் சொற்களிலும் இதே விடுபடல் உண்டு. அண்ணன், தங்கை, மாமன், மச்சான் என்று திரைப்பாட்டில் உறவுகள் நிரம்பி வழிகின்றன. சீதக்காதி வாழ்ந்த கீழக்கரையில் முஸ்லிம் வீடுகளில் ஒலிக்கும் வாப்பா (அப்பா), உம்மா (அம்மா), காக்கா, ராத்தா (அக்கா) எத்தனை பாட்டில் இருக்கின்றன? அங்கே அண்ணனை அழைக்கும் காக்கா என்ற சொல், திரைப்பாட்டில் பறவையாக மட்டுமே பறக்கிறது. கடலோடிய அந்த ஊரின் அடுப்பில் கிண்டப்படும் தொதல் என்ற இனிப்பும் அப்படியே பாட்டுக்கு வெளியில் நிற்கிறது.

பழைய சொற்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்ற வேண்டாம். இன்றைய கரையின் சொற்கள் புதியவை. அவையும் பாட்டில் இல்லை. கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் வாங்க வேண்டிய டோக்கன், டீசல், ஐஸ், ஏலம், வலைக்கடன், புயல் கூண்டு, ஜிபிஎஸ். எல்லை என்ற சொல் பாட்டில் பெரும்பாலும் இல்லாமை சேர்ந்தே வரும். அன்புக்கு எல்லை இல்லை, ஆசைக்கு எல்லை இல்லை. இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் கடல்மேல் போடப்பட்ட எல்லைக்கோடு ராமேஸ்வரத்துப் படகுக்காரருக்குக் கண்ணால் காண முடியாதது. ஆனால் அதைத் தாண்டினால் படகு பறிபோகும், ஆள் சிறைக்குப் போவார், வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை அந்த வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். எல்லை என்ற சொல்லை அவர்கள் உச்சரிக்கும் விதமே வேறு. அந்த உச்சரிப்பு ஒரு பாட்டில் கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தடைக்காலத்தைத் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகுவதற்காக, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போவதில்லை. ஆண்டு முழுவதும் நள்ளிரவில் புறப்பட்டுப் போகும் கணவன் அந்த இரண்டு மாதம் வீட்டில் இருப்பான். பிள்ளைகள் அவனோடு விளையாடும். மாலையில் அவனும் அவளும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போகலாம். அதே நாள்களில்தான் கையில் காசு இருக்காது. அரசு தரும் நிவாரணத் தொகைக்குக் காத்திருக்க வேண்டும். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கவும் வண்ணம் பூசவும் கடன் வாங்க வேண்டும். நகை அடகுக்குப் போகும். அருகில் இருப்பதும் இல்லாமையும் ஒரே நாளில் வந்து சேரும் இப்படி ஒரு காதல் சூழல் உள்நாட்டுப் பாட்டு எதற்கும் கிடைக்காது. அவன் எப்போது வருவான் என்று கரையில் நின்று பாடும் பெண்ணைத் தமிழ்த் திரை பலமுறை காட்டிவிட்டது. அவன் வீட்டில் இருக்கும் நாளில் அவள் என்ன பாடுவாள் என்பதை எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. தடைக்காலம் என்பது யாப்பில் புளிமாங்காய்ச் சீர். இரண்டாம் பாதியில் நெடில் இருக்கிறது. மெல்லின எழுத்தில் முடிகிறது. பல்லவியின் முதற்சொல்லாக வைத்துப் பாடிப் பார்த்தேன். தாராளமாக அமர்கிறது.